ரெண்டாவது பிள்ளைக்கு வாங்குன ஒரே புதுசு

இன்னைக்கு மகளோட சேலத்துல குழந்தைச் சாமான் கடைக்குப் போயிருந்தேன். அவளுக்கு இது ரெண்டாவது பிரசவம், எட்டாம் மாசம்.

வாக்கர், குளிக்கிற டப், தள்ளுவண்டி எல்லாத்தையும் எடுத்து வைக்கச் சொன்னா.

"ஏன் கண்ணு, மூத்தவனோட சாமானெல்லாம் ஊட்டுல அப்படியே இருக்குதே?"ன்னு கேட்டேன்.

"நானும் ரெண்டாவதா பொறந்தவதாம்மா. எனக்குன்னு ஒண்ணாச்சும் புதுசா வாங்குனியா?"

கடைப் பொண்ணு என் முகத்தையே பார்த்துச்சு.

எண்பதுகளோட கடைசியில நாங்க ஏற்காட்டுல, எஸ்டேட் குவார்ட்டர்ஸ்ல இருந்தோம். இவ அண்ணனுக்கு ஆசையா ஒரு நடைவண்டி வாங்கி பஸ்ல ஏத்திட்டுப் போனோம். எங்க வாசல் ஒரே சரிவு. வண்டி அவனையும் இழுத்துக்கிட்டுக் காப்பிச் செடிக்குள்ள போய் நின்னுது. அன்னைக்கே அவங்கப்பா மூணு சக்கரத்தையும் கழட்டிட்டாரு. சக்கரமில்லாத அந்த வண்டியைத்தான் இவளும் தள்ளுனா.

இவ பொறந்தது ஆடி மாசம். ஒரே மழை, மூட்டம். பிள்ளையோட இடுப்புத் துணி மூணு நாளானாலும் காயாது. அதுக்காகவே ஒரு பெரிய மூங்கில் கூடை வாங்கி, கரி நெருப்பு போட்ட கணப்புச் சட்டி மேல கவுத்து, அது மேல துணியைப் போட்டுக் காயவெச்சேன். இவ மேல எப்பவும் புகை வாசம்தான். அந்த வாசம் இன்னும் என் மூக்குல நிக்குது.

"ஒரு கூடை வாங்குனேன் சாமி, உனக்கே உனக்கு"ன்னேன்.

கொஞ்சம் இளகிட்டா. "அது எங்கம்மா இப்போ?"

பொய் சொல்லியிருக்கலாம். "நீ நடக்க ஆரம்பிச்சதும் கோழியை மூடறதுக்கு எடுத்துக்கிட்டோம்."

எல்லாத்தையும் புதுசாவே பில் போடச் சொல்லிட்டா.

ரெண்டாவதா பொறந்தவங்க சொல்லுங்க, உங்களுக்கு என்ன புதுசா வாங்குனாங்க? மூத்தவங்க கொஞ்ச நேரம் பேசாம இருங்க.