ஒன்பதாம் வகுப்பு வந்த வருடம்

இரண்டு வருடங்களுக்கு முன்னால் நடந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய எங்கள் அரசுப் பள்ளியில் அப்போது எட்டாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் படிக்க, லாரிகள் ஓயாத நெடுஞ்சாலையைத் தாண்டிப் போக வேண்டும். பையன்கள் எப்படியோ போய்விடுவார்கள். பெண் பிள்ளைகளைப் பலர் அனுப்ப மாட்டார்கள். என் மகளும் எட்டாவதுதான். அதனால்தான் பள்ளி மேலாண்மைக் குழுவில் சேர்ந்தேன். மற்றபடி ஊருக்கு உழைக்கும் ஆசையெல்லாம் எனக்குக் கிடையாது.

எங்கள் கூட்டங்கள் பள்ளியில் நடந்ததைவிட, கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் நடந்ததுதான் அதிகம். ஷிப்ட் முடித்து இறங்குகிறவர்களும் அடுத்த ஷிப்டுக்கு ஏறுகிறவர்களும் பார்த்துக்கொள்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் பேசி முடிக்க வேண்டும். பஸ் வந்துவிட்டால் பாதிப் பேச்சில் ஏறிவிடுவோம். மீதி மறுநாள்.

ஒன்பதாம் வகுப்பு கேட்டுப் போனபோது, பிள்ளைகள் எண்ணிக்கை போதாது என்று சொல்லிவிட்டார் அதிகாரி. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. கையில் கொஞ்சம் காசு புரண்டவர்களெல்லாம் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு மாற்றியிருந்தார்களே.

பஸ் நிறுத்தத்தில் இதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தபோது, "இன்னா ஆண்ட்டி, எங்க லைன் ஊட்டாண்ட வந்து பாத்தீங்களா? ஸ்கூலுக்கே போவாம எவ்ளோ புள்ளைங்க கீதுங்க" என்றாள் ஒரு பெண். என் மகளின் வகுப்புத் தோழி. ஒடிசாக் குடும்பம். அப்பா, அம்மா இருவருக்கும் இரும்புக் கம்பெனியில் ஒப்பந்த வேலை. சின்ன வயதிலேயே இங்கு வந்துவிட்டதால் எங்கள் பேச்சை எங்களைவிட நன்றாகவே பேசுவாள். அவள் அம்மாவுக்கோ நாலைந்து வார்த்தைக்கு மேல் தமிழ் வராது. ஆனால் அன்றிலிருந்து ஒரு கூட்டத்தையும் அவர் விடவில்லை. மகள் காதோரம் சொல்லச் சொல்ல, இடுப்பில் கைக்குழந்தையோடு தலையாட்டிக்கொண்டு நிற்பார்.

வெளிமாநிலத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த அந்த லைன் வீடுகளில் கதவு கதவாகத் தட்டியது அவர்தான். நாங்கள் போனால் பயந்து பேசாத வடநாட்டுப் பெண்கள், அவர் சொன்னதும் பிள்ளைகளை அனுப்பினார்கள். அதிகாரி பார்வையிட வந்த அன்று வேலைக்குப் போகாமல், அத்தனை பிள்ளைகளுக்கும் எண்ணெய் வைத்துத் தலை வாரிக் கூட்டி வந்தார்.

"உம் பொண்ணு இன்னா ஆவணும் உனுக்கு?" என்று ஒருநாள் கேட்டேன். மகள் வெட்கப்பட்டுக்கொண்டு மொழிபெயர்க்கவில்லை. அவரே புரிந்துகொண்டு, "டென்த் பாஸ்" என்றார். அவ்வளவுதான் அவர் ஆசை.

பரீட்சை முடிந்த கையோடு கம்பெனியில் ஒப்பந்தக்காரர் மாறினார். பழையவர் இவர்கள் குடும்பம் உட்படத் தன் ஆட்களை ஆந்திரா பக்கம் வேறு வேலைக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பினார். லைன் வீடுகளும் அவர் கையில் இருந்ததால் யாரும் இங்கேயே தங்கிவிடவும் முடியாது.

"பொண்ண எங்க ஊட்ல உட்டுட்டுப் போ. என் பொண்ணோட இருந்துக்கினு படிக்கட்டும்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். மகள் தலையைக் குனிந்தபடி சொன்னாள்: "அங்க அம்மா வேலைக்குப் போயிட்டா கொழந்தய பாத்துக்க ஆள் இல்லியாம் ஆண்ட்டி. நான் போய்த்தான் ஆவணுமாம்." தன் படிப்பு நின்றதை அந்தப் பெண்ணே எனக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

பள்ளி திறந்த சில நாளில் உத்தரவு வந்துவிட்டது. இனிப்பு கொடுத்தோம். எனக்குச் சால்வைகூடப் போட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் போன் செய்தேன். "நைன்த் வந்துச்சும்மா" என்றதும், "அச்சா தீதி, அச்சா", நல்லதுக்கா நல்லது என்று அந்தப் பக்கம் அழுதார். பிறகு மகளிடம் கொடுத்தார். அவள் இடுப்பில் குழந்தை சிணுங்குவது கேட்டது.

"எந்த ரூம் ஆண்ட்டி குடுத்தாங்க?"

"வேப்பமரத்தாண்ட இருக்குதே, அந்த ரூமு."

"அங்க காத்து நல்லா வரும் ஆண்ட்டி" என்றாள்.

என் மகள் இப்போது அதே பள்ளியில் பத்தாம் வகுப்பு. காலையில் அவளுக்குத் தலை வாரிவிடும்போதெல்லாம், இந்த வகுப்புக்காக ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தலை வாரிவிட்டவரின் மகளுக்கு அங்கே உட்காரக் கொடுத்துவைக்கவில்லையே என்று என் கை ஒரு நிமிடம் நின்றுவிடுகிறது.