எழுபத்தொண்ணு, ஆனா வயசு பத்தலை

எனக்கு நெஜமா வயசு எழுபத்தொண்ணு. சர்ட்டிபிகேட்ல அறுபத்தொம்பது. பள்ளிக்கூடத்துல சேர்க்கறப்ப எங்கப்பா ரெண்டு வயசைக் கம்மி பண்ணிட்டாரு. கவர்மென்ட் உத்தியோகத்துக்கு அலையறதுக்கு ரெண்டு வருஷம் ஜாஸ்தி கிடைக்குமாம். கிடைச்சுது, அலைஞ்சேன். கடைசி வரைக்கும் ஜவுளிக்கடையில கணக்குதான் எழுதினேன்.

இப்ப முட்டி தேஞ்சுபோச்சு. மாத்தணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்கு வசதி ஏது? எழுபது வயசு ஆனவங்களுக்கு அரசாங்கக் காப்பீட்டுல இலவசமா பண்ணுவாங்கனு கேள்விப்பட்டு, கலெக்டர் ஆபீஸ் முகாமுக்குக் கிளம்பினேன். துணைக்கு வீட்டுக்காரி. என்னைவிட ஒரு வயசு சின்னவ. பள்ளிக்கூடம் போகாததால அவ வயசுல யாரும் கை வைக்கலை.

கவுன்டர்ல இருந்த பொண்ணு ரெண்டு பேரு ஆதாரையும் பார்த்துட்டு, "அம்மாவுக்கு உண்டு. ஐயாவுக்கு இன்னும் வயசாகலைங்க"ன்னுச்சு. சும்மா இருப்பேனா? போன வருஷம் எழுபதாம் கல்யாணத்துல இவளுக்கு மறுபடி தாலி கட்டின போட்டோவை போன்ல காட்டினேன். மாலையும் கழுத்துமா நிக்கறேன், இதைவிட என்ன அத்தாட்சி வேணும்? பின்னால நின்னவங்க சிரிச்சுட்டாங்க. கல்யாணப் போட்டோ செல்லாதாம்.

வெளிய வந்ததும் இவ, "வாங்க தம்பி, போலாம்"னா.

அப்பவும் எனக்குப் புத்தி வரலை. ரேஷன் கார்டு மாதிரி வீட்டுக்கு ஒண்ணு போதும்னு நெனச்சு, முகாமுல அவளுக்குக் குடுத்த காப்பீட்டு கார்டோட அவளையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி, என் முட்டியை நீட்டினேன்.

"கார்டு யார் பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தாங்க வைத்தியம்"னாரு டாக்டர். அதுக்குள்ள இவ கிளம்பலாம்னு சுவத்தைப் புடிச்சிக்கிட்டு எழுந்திருச்சா. அவரு அதைப் பார்த்துட்டு, "நீங்க இப்படி வந்து உட்காருங்கம்மா"ன்னாரு.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தா, என்னுதைவிட இவ முட்டி மோசம்.

"இந்தக் காலை வச்சிக்கிட்டு எப்படிம்மா நடந்தீங்க?"

"இவருக்கு முட்டி வலிங்களே. தெருமுனைக்குப் போயி ஆட்டோ கூட்டியாரணும்ல."

தெருவுக்கே கேக்கற மாதிரி முனகினவன் நான். அன்னிக்கு எனக்கு ரொம்ப வெக்கமா போச்சு.

இவளுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. எனக்குக் காகிதத்துல எழுபது ஆவறதுக்கு அடுத்த வருஷம் வரணும். அதுவரைக்கும் ஆட்டோ கூப்பிட நான்தான் முனைக்குப் போறேன். பௌர்ணமின்னா கிரிவலக் கூட்டத்துல ஒரு ஆட்டோவும் நிக்காது, முட்டி வலியில உயிர் போவுது. திரும்பி வந்தா இவ, "வலிக்குதா?"னு கேக்கறா.

"இல்லையே"ங்கறேன். இவ வலியை மறைச்ச அளவுக்கு எனக்கு இன்னும் மறைக்க வரலை.