மூன்றாவது அடியில் மூன்று இருமல்

எங்கள் கூட்டத்துப் பாட்டைக் கேட்டு வெளியாள் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். சிரிக்க வேண்டிய பாட்டுதான். ஆனால் சிரிக்கிற உரிமை எங்களுக்கு மட்டும்தான்.

காவிரிக்கரைக் காட்டோரத்திலிருந்து மைசூருக்கு ஆலை வேலைக்கு வந்தவர்கள் நாங்கள். எல்லோரும் ஒரே தெருவில் இருந்தோம். எங்களுக்கென்று ஒரு காட்டுச்சாமி. ஞாயிறுதோறும் யார் வீட்டிலாவது பாட்டு. சாமி முன்னால் ஒரு பாட்டை முதல்முறை பாடுகிறவன் வாயிலிருந்து எது வந்தாலும் அது சாமிக்குக் கொடுத்தது. கொடுத்ததில் குறைக்கக் கூடாது. ஒருவன் புதுப்பாட்டுப் பாடும்போது வீட்டுக்குள் நாய் நுழைந்துவிட, "நாயைத் துரத்துங்கடா" என்று கத்தினான். அந்த இடத்தில் நாங்கள் இன்றும் ராகத்தோடு நாயைத் துரத்துகிறோம். பெரிய பாட்டை முதலில் பாடியவனுக்குத் தொண்டை சரியில்லை. அதனால் மூன்றாவது அடி முடிந்ததும் எல்லோரும் தாளம் தப்பாமல் மூன்று முறை இருமுவோம்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். என் தங்கையைப் பெண் பார்க்க ஒரு தபால்காரர் வீட்டிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். அதற்கு முன்பே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் அவ்வளவுதான் என்று அம்மா அழுதுகொண்டிருந்தாள். அவர்கள் வருவதோ ஞாயிற்றுக்கிழமை, பாட்டோ எங்கள் வீட்டில். இருமினாலே காசநோய் என்று ஓடுகிற காலம் அது. நான் வீடு வீடாகப் போய், "இன்னைக்கு ஒரு நாள் இருமாதீங்க" என்று கெஞ்சினேன்.

அப்பா மட்டும், "சாமி கேட்டா நீயே பதில் சொல்லிக்கோ" என்றார்.

தங்கையிடம் நான் சொல்லவில்லை. பெண் பார்க்கிற நாளில் பெண் எங்கே பாடப்போகிறாள் என்று நினைத்தேன். என் மூளை அவ்வளவுதான்.

மகனோடு வந்த அம்மாள் காப்பி குடித்துவிட்டு, "பொண்ணு பாடட்டுமே" என்றாள். தங்கை பெரிய பாட்டை ஆரம்பித்தாள், எல்லோரும் கூடப் பாடினார்கள். மூன்றாவது அடி முடிந்தது. தெருவே வாயை மூடிக்கொண்டது. அந்த அமைதியில் தங்கை மட்டும் தனியாக: லொக், லொக், லொக்.

"அய்யய்யோ, பேடப்பா பேடா! வேண்டாம்டா, எந்திரிடா, பொண்ணுக்கு நெஞ்சு சரியில்ல" என்று அந்த அம்மாள் மகனின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்படி இல்லீங்கம்மா. நாங்க எல்லாருமே இருமுவோமுங்க!" என்றேன்.

"எல்லாருக்குமா?" என்று அவள் முந்தானையால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டாள்.

தங்கை என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். "ஏண்ணா, ஊரெல்லாம் சொன்னவனுக்கு எங்கிட்டச் சொல்ல வாய் வலிச்சுதா?" பிறகு அந்த அம்மாளிடம் திரும்பினாள். "உக்காருங்கம்மா. மறுபடி பாடறேன். அதே எடத்துல மூணே மூணு வரும். நாலாவது வந்தா எந்திரிச்சுப் போயிருங்க."

பாடினாள். இந்த முறை தெரு என் பேச்சைக் கேட்கவில்லை. அடக்கிவைத்ததற்கும் சேர்த்து இருமினார்கள். கூடவே ஒரு தாளம் பிந்தி இன்னொரு குரல் இருமியது. மாப்பிள்ளை!

"உனக்கென்னடா கேடு?" என்றாள் தாய்.

"தாளம் இழுத்துருச்சும்மா" என்றார் அவர்.

அந்த அம்மாள் லேசில் விடுகிற ஆள் இல்லை. "நெஞ்சைப் படம் எடுத்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றாள்.

"எடுக்கறேனுங்க. உங்க மகனும் எடுக்கட்டும். அவரும்தானே இருமுனாரு?" என்றாள் தங்கை.

அந்த வாரமே ஆஸ்பத்திரி வரிசையில் இருவரும் முன்னும் பின்னுமாக நின்றார்கள். இரண்டு மணி நேரம் ஆகியும் வரிசை நகரவில்லை. அவர்கள் பேச்சும் நிற்கவில்லை. நான் போய், "மாப்பிள்ளை, சீட்டைக் குடுங்க, நான் முன்னாடி போய்க் கேட்டுப் பாக்கறேன்" என்றேன்.

"எதுக்குங்க மச்சான் அவசரம்? மெதுவா ஆகட்டும்" என்றார் அவர்.