மதில் ஓட்டைக்குள் தெரிந்த வீடு

மெல்பேர்னின் வெரிபீயில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் கிரேக்கர். பத்து வயதில் ஒரு தீவிலிருந்து பெற்றோருடன் இங்கே வந்தவர், பிறகு அங்கே போனதே இல்லை. நானும் மனைவியும் கிரேக்கத்துக்குப் போகிறோம் என்றதும், "எங்கட ஊர்க் கோட்டையில ஏறி எனக்கு வீடியோ கோல் எடுங்கோ" என்று மட்டும் கேட்டார்.

கோட்டை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த பாறை முனையில் இருந்தது. எந்தக் காலத்திலோ போர்வீரர்கள் கட்டியது. வாசல் வளைவு தப்பியிருந்தது, உள்ளே கூரையில்லாத சின்னத் தேவாலயமும் சரிந்த மதில்களும். மூன்று பக்கமும் கடல். காற்று என் தொப்பியைக் கொண்டுபோய்விட்டது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

கோல் எடுத்தேன். மெல்பேர்னில் பின்னேரம், அவர் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். தேவாலயத்தைக் கண்டதும் கத்தியைப் போட்டுவிட்டார்.

"இடப்பக்கம் போங்கோ! தண்ணித்தொட்டி வரும், கவனம், மூடி இல்லை. அங்கால மதிலில ஒரு ஓட்டை இருக்கும்!"

என் மனைவி எனக்கு முன்னால் ஓடினாள்.

"பார்த்துப் போம்!" என்று கத்தினேன்.

"இஞ்சேருங்கோ, கெதியா வாங்கோ! ஊர் முழுக்கத் தெரியுது!"

அம்பு எய்வதற்கு விட்ட இடுக்கு அது. போனை அதற்குள் நீட்டினேன். கீழே வெள்ளை வீடுகள்.

"பச்சைக் கதவு இருக்கா? பக்கத்தில ரெண்டு மரம்?"

"ஒரு மரம்தான் நிக்குது."

"அதுதான் எங்கட வீடு!" போன் அதிர்ந்தது.

அந்த வீட்டு மொட்டைமாடியில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். மனைவி சால்வையை ஆட்டினாள். அவரும் கையில் இருந்த துவாயை ஆட்டினார். அதற்குமேல் எங்களால் நிற்க முடியவில்லை. போனை நிறுத்தாமலே அரை ஓட்டமாக இறங்கினோம்.

பச்சைக் கதவைத் தட்டி, திறந்த அந்த மாடிப் பெண்ணிடம் போனை நீட்டினேன். அவர் திரையை உற்றுப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். சின்ன வயதில் தன்னோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர் என்று எங்கள் அயலவர் பிறகு சொன்னார். வீட்டைப் பின்னர் அந்தப் பெண்ணின் குடும்பம்தான் வாங்கியிருந்ததாம். இருவரும் ஒரே நேரத்தில் கிரேக்க மொழியில் பேச, எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. இருந்தும் வாசலில் நின்று இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இருந்தோம்.

மனைவி என் முழங்கையை இடித்தாள். "பற்றரி முடியப் போகுது. சார்ஜர் கேளுங்கோ."

கையால் பிளக் குத்துவதுபோல் காட்டினேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனார்.