எதிர்ச் சுவரோரம் ஒரு பிரிண்டர்

ஸ்ரீவைகுண்டம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் இ-சேவை மையத்தில் முத்துராணியைத் தெரியாதவர்கள் யாரும் கிடையாது. சாதிச் சான்றோ பட்டாவோ ஆதார் திருத்தமோ, எதற்கு வந்தாலும் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருக்கும் அவளிடம்தான் வரவேண்டும். நான் பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் போடுகிறவன். நடுவே இருப்பது வெறும் தட்டி. அதனால் அவள் கதையில் பாதி தானாகவே என் காதில் விழுந்தது.

அவள் அம்மா மாரித்தாய் நடவுக்குப் போகிறவள். அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அப்பா இறந்துபோனார். சேற்றில் குனிந்து குனிந்தே மகளை பி.காம் வரை படிக்கவைத்தாள் மாரித்தாய். அந்தக் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் முத்துராணிதான். வேலைக்குச் சேர்ந்த அன்று மாரித்தாய் வாசல்வரை வந்தாள். மகள் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருப்பதைக் கண்குளிரப் பார்த்துவிட்டு, உள்ளே வராமலே திரும்பிப் போனாள்.

பத்து வருஷம் முடிவதற்குள் அந்த நாற்காலி அவள் உடம்பைப் பதம் பார்த்துவிட்டது. முதலில் கழுத்தில் பிடிப்பு. அப்புறம் இடுப்பு. அப்புறம் வலி இடது காலில் இறங்கி, பாதம் மரத்துப்போகத் தொடங்கியது. ஒருநாள் வீட்டில் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். மாரித்தாய் சிரித்துவிட்டாள்.

“நாள் பூரா குனிஞ்சி நடுதவ நானே சும்மா இருக்கேன். உக்காந்திருக்கவளுக்கு என்னட்டி இடுப்புவலி?”

கெட்ட எண்ணத்தில் கேட்டதில்லை. ஆனால் அதற்குப் பிறகு முத்துராணி யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. எதிரே வரிசையில் நிற்பவர்களும் வாழைத்தார் சுமப்பவர்கள், களை எடுப்பவர்கள். அவர்களிடம் போய், உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு வலிக்கிறது என்று எந்த முகத்தோடு சொல்வது?

கணவன் இசக்கிதுரையோடு பாளையங்கோட்டைக்கு ஒரு டாக்டரிடம் ரகசியமாகப் போய்வந்தாள். அரைமணிக்கு ஒருதடவை எழுந்து நடக்கவேண்டும், இல்லையென்றால் சீக்கிரமே ஆபரேஷன், பிறகு இந்த வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்று அவர் சொல்லிவிட்டார். இப்போதே வேலையை விட்டுவிடு என்றான் இசக்கிதுரை. அவளுக்கு அந்த நாற்காலி என்றால் உயிர். விடமாட்டேன் என்றுவிட்டாள்.

எழுந்து நடப்பது சின்ன விஷயம் என்று டாக்டர் நினைத்துவிட்டார். எங்கள் ஊர் வரிசையை அவர் பார்த்ததில்லை. முத்துராணி எழுந்து சோம்பல் முறித்தால் போதும், பஸ் போய்விடும் என்கிற முணுமுணுப்பு வாசல்வரை போகும். ஆனால் ஏதாவது வேலையாக எழுந்தால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். இதைக் கவனித்த அன்று அவள் என்னிடம் வந்து நீளமான வயர் இருக்கிறதா என்று கேட்டாள். மேஜைமேல் இருந்த பிரிண்டரை எதிர்ச் சுவரோரம் கொண்டுபோய் வைத்தோம். மையத்தை நடத்துகிற அண்ணாச்சி காரணம் கேட்டதற்கு, பக்கத்தில் இருந்தால் சூடாகிறது என்று புளுகினாள். இனி ஒவ்வொரு தாளுக்கும் அவள் எழுந்து போயே தீரவேண்டும். கெட்டிக்காரிதான்.

ஆனால் எங்கள் ஊர்க்காரர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. உதவி செய்வது.

அதில் முதல் ஆள் கருத்தையா. ஒரு காலத்தில் லாரிக்கு வாழைத்தார் ஏற்றியவர். ஆதாரில் பிறந்த தேதியைத் திருத்த வந்து, தேதி திருந்துவதற்குள் இந்த ஃபேன் காற்றுக்கும் பேப்பருக்கும் பழகிப்போனார். தேதி திருந்திய பிறகும் தினமும் வந்துவிடுவார். ஒரு பொம்பளைப்பிள்ளை தாளுக்காக அங்கேயும் இங்கேயும் அலைவது அவருக்குப் பொறுக்கவில்லை. பிரிண்டர் சத்தம் கேட்டதுமே எழுந்து தாளை உருவிக்கொண்டு வந்து மேஜையில் வைத்துவிடுவார். அவர் இல்லாத நேரத்தில் வரிசையில் நிற்கும் வேறு யாராவது வைத்தார்கள். முத்துராணி பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொல்வாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் வந்தது. மையத்தில் நிற்க இடமில்லை. காலையிலிருந்து நாற்காலியை விட்டு எழாதவள், ஒரு தாளையாவது கருத்தையாவுக்கு முன்னால் போய் எடுத்துவிட வேண்டும் என்று சட்டென்று எழுந்தாள். மரத்துப்போன பாதம் தரையில் ஊன்றவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்ததால் விழாமல் தப்பினாள். அதற்குள் கருத்தையா தாளோடு வந்துவிட்டார்.

“நீ எதுக்குத் தாயி எந்திரிக்க? நான்தான் இருக்கேம்லா.”

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“தாத்தா, ஒங்களக் கும்பிடுதேன், அத எடுக்காதிய. உக்காந்தே எனக்கு இடுப்பு போச்சி. எந்திரிச்சி நடக்கணும்னுதான் அத அங்கன வச்சிருக்கேன்.”

யார் முதலில் சிரிக்கப்போகிறார்களோ என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மகனுக்கு வருமானச் சான்று வாங்க வயலிலிருந்து நேராக வந்திருந்த ஒரு நடவுக்காரி, காலில் சேறு காயாமல், வரிசையில் முன்னால் நின்றாள்.

“நாங்க ஒரு பாத்தி நட்டு முடிச்சா நிமிந்துக்கிடுவோம்லா,” என்றாள் அவள். “நீ இத்தன நாளு நிமிராமலா இருந்த, பாவி மவளே?”

கருத்தையா கையிலிருந்த தாளைத் திரும்பக் கொண்டுபோய் பிரிண்டர் மேலேயே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து அவர் வேலை மாறிவிட்டது. பிரிண்டருக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு காவல் இருந்தார். முத்துராணி எழ மறந்தால் தொண்டையைக் கனைப்பார். வரிசையும் முணுமுணுக்காமல் காத்து நிற்கப் பழகியது. வலி முழுதாகப் போகவில்லை என்றாலும் பாதம் மரப்பது நின்றது. அடுத்த தடவை போனபோது டாக்டர் ஆபரேஷன் பேச்சையே எடுக்கவில்லை.

போன வாரம் மாரித்தாய் முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட வந்தாள். மகள் இருக்கிறாளே என்று முன்னால் போகாமல் வரிசையில்தான் நின்றாள். அவள் முறை வந்தது. மகள் எல்லாம் அடித்து முடித்தாள். பிரிண்டரில் தாள் வந்ததும், மகளுக்கு எதற்குச் சிரமம் என்று மாரித்தாய் தானே போய்க் கையை நீட்டினாள். அவள் யார் என்று கருத்தையாவுக்குத் தெரியாது.

“கைய எடு தாயி,” என்றார். “அது அந்தப் பிள்ளைக்கு மருந்து.”

விளங்காமல் மாரித்தாய் திரும்பிப் பார்த்தாள். முத்துராணி ஒரு கையை மேஜையிலும் ஒரு கையை இடுப்பிலும் ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்துகொண்டிருந்தாள். நடவு முடிந்து வரப்பேறும்போது மாரித்தாய் நிமிர்வதும் அப்படித்தான். அது எந்த மாதிரி வலி என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

“பைய வாட்டி,” என்றாள் மகளிடம். “நான் நிக்கேன்.”