எங்களுக்குக் கிறிஸ்துமஸ் இல்லாத வருஷம்

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் ஒரு சாவு விழுந்தால் அந்த வருஷம் அந்த வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் கிடையாது. வாசலில் ஸ்டார் தொங்காது, எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது, புதுத்துணி எடுக்க மாட்டார்கள். யாராவது கேட்டால், "இந்த வருஷம் எங்களுக்கு கிறிஸ்துமஸ் இல்ல" என்று பதில் சொல்ல வேண்டும். இந்த மாதம் ரேஷனில் மண்ணெண்ணெய் இல்லை என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொல்வார்கள். எந்தப் போதகரும் இதைப் போதித்ததில்லை. வேதாகமத்தை எந்த மூலையில் புரட்டினாலும் கிடைக்காது. ஆனால் பத்துக் கட்டளைகளில் ஒன்றிரண்டை முன்னே பின்னே மீறுகிறவர்கள்கூட இதை மீற மாட்டார்கள்.

அப்பா ஒரு ஆகஸ்ட் மாதம் இறந்தார். இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்தது. மில்லில் இருந்து ஓய்வு பெற்று, வீட்டில் உட்கார்ந்து பேப்பர் படிக்கத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே போய்விட்டார். கோவில்பட்டி வீட்டில் அம்மாவும் நானும் மட்டும் மிஞ்சினோம். நான் இடைசெவல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலையில் பஸ் ஏறினால் திரும்பி வர ஐந்தரை ஆகிவிடும். அதுவரை அம்மா தனியாக இருப்பாள். நான் வரும்போது பெரும்பாலும் லைட் போடாமல் ஹாலில் உட்கார்ந்திருப்பாள். ஸ்விட்ச் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கும்.

அதனால்தான் டிசம்பர் முதல் தேதி பரணில் ஏறி ஸ்டாரை எடுத்தேன். பக்தி பொங்கி வழிந்து ஒன்றும் எடுக்கவில்லை. வாசலில் ஒரு வெளிச்சம் இருக்கட்டும், அம்மா அதைப் போடவும் அணைக்கவுமாவது எழுந்து நடக்கட்டும் என்று நினைத்தேன். பல்பு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது சித்தப்பா வந்தார். அப்பாவின் தம்பி. சபைக் கமிட்டியில் இருக்கிறவர். கமிட்டியில் இருப்பவர்களுக்கு மற்றவர்கள் வீட்டுப் பரணும் தெரியும்.

"ஏட்டி, என்ன செய்யுத?"

"ஸ்டார் போடப் போறேன், சித்தப்பா."

"நமக்கு ஏது இந்த வருஷம் பண்டிகை? அண்ணன் கல்லறை மண்ணு இன்னும் காயல."

எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். எங்கள் ஊர் மண் கரிசல். ஐப்பசியில் மழை விழுந்தால் தை பாதி வரைக்கும் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. யார் கல்லறை மண் டிசம்பரில் காய்ந்தது? அந்தக் கணக்குப்படி பார்த்தால் கரிசல் காட்டில் யாருமே கிறிஸ்துமஸ் கொண்டாட முடியாது. ஆனால் அப்பாவைப் பற்றிப் பேசும்போது அப்படி எதிர்ப்பேச்சுப் பேச வாய் வரவில்லை.

"பண்டிகை இல்ல சித்தப்பா. வாசல்ல ஒரு லைட்டுதான்."

"நீ படிச்ச பிள்ள. மதினி மனசு என்ன பாடுபடும்னு யோசிக்க வேண்டாமா? வருஷா வருஷம் அண்ணன் ஏணி போட்டுக் கட்டுன ஸ்டாரு. அதப் பாத்தா அவியளுக்கு அழுகை வருமா வராதா?"

அம்மா காப்பியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். ஸ்டாரைப் பார்த்தாள். உடனே உள்ளே போய்விட்டாள். "பாத்தியா" என்பதுபோல் சித்தப்பா என்னைப் பார்த்தார். நானும், அவர் சொல்வது சரிதான் போல என்று நினைத்துக்கொண்டேன். ஸ்டார் திரும்பப் பரணுக்குப் போனது.

அடுத்த வீட்டுக்காரர்கள் தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலை, வைத்திருந்தார்கள். அந்த அம்மாள் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். மறுநாள் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "உங்க சித்தப்பா சொன்னது சரிதான் டீச்சர். எங்க வீட்லயும் ஒரு வருஷத்துக்குத் தீபாவளி, பொங்கல் ஒண்ணும் கிடையாது. சாமி எல்லாருக்கும் ஒண்ணுதான்லா" என்றாள். எவ்வளவோ விஷயத்தில் ஒத்துப்போகாத இரண்டு மதங்களும் என் அம்மாவை இருட்டில் உட்கார வைப்பதில் மட்டும் இவ்வளவு ஒற்றுமையாக இருந்ததைப் பார்த்து எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

அதற்குப் பிறகு பலகாரம் வர ஆரம்பித்தது. துக்க வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள் என்பதால் சபையார் ஒவ்வொருவராகத் தட்டில் வைத்து மூடிக் கொண்டுவந்தார்கள். முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து, மறுபடி முறுக்கு. கிறிஸ்துமஸ் இல்லாத வீட்டில் இருந்த முறுக்கை வைத்து ஒரு கடையே போட்டிருக்கலாம். கொண்டுவந்தவர்கள் யாரும் ஹாலைத் தாண்டி உள்ளே வரவில்லை. முகத்தைச் சுருக்கி வைத்துக்கொண்டு, "சாப்பிடுங்க, மனசத் தேத்திக்கோங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, நாற்காலி நுனியில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்தார்கள். தங்கள் வீட்டில் நடக்கும் வெள்ளையடிப்பு, பிள்ளைகளின் டிராமா, தையல்காரன் செய்த அக்கிரமம் எதையும் மறந்தும் பேசவில்லை. பேசினால் நாங்கள் வருத்தப்படுவோமாம். அம்மா ஒவ்வொருவரிடமும், "பிள்ளைக்கு என்ன வேஷம்?", "எத்தன படி மாவு இடிச்சிய?" என்று கேட்டுப் பார்த்தாள். "அத விடுங்கக்கா" என்று பேச்சை மாற்றினார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின கடைசி ஞாயிறு அம்மாவுக்கு முழங்கால் வலி. நான் மட்டும் கோயிலுக்குப் போனேன். போதகர் ஆயத்தத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். நல்ல பிரசங்கம்தான். வெளி அலங்காரம் ஆயத்தமல்ல, இருளில் இருப்பவர்களைத் தேடி வெளிச்சம் வந்ததே கிறிஸ்துமஸ், நம்மைத் தேடி வந்தவருக்கு இருதயத்தில் இடம் வைப்பதே ஆயத்தம் என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். பிரசங்கம் முடிந்ததும் அறிவிப்புகள். சீரியல் லைட் எந்தப் பக்கம் கட்டுவது, வெள்ளையடித்த சுவரில் யாரும் சாயக்கூடாது, டிராமாவில் நடிக்கும் மேய்ப்பர்கள் அவரவர் துண்டை அவரவரே கொண்டுவர வேண்டும் என்று அது பிரசங்கத்தைவிட நீளமாகப் போனது. கடைசியில் சித்தப்பா எழுந்து கேரல் ரவுண்ட்ஸ் போகும் வீடுகளின் பட்டியலை வாசித்தார்.

கேரல் ரவுண்ட்ஸ் என்றால், பாடகர் குழு டிரம்மும் விளக்குமாகச் சபையார் வீடு ஒவ்வொன்றுக்கும் போய், பிறப்பின் பாட்டு இரண்டு பாடி, ஜெபம் பண்ணிவிட்டு வருவது. எங்கள் தெருவில் சபையார் வீடு ஏழு. எங்களுடையது நான்காவது. சித்தப்பா மூன்றாவது வீட்டை வாசித்தார். மூச்சு விட்டார். அப்புறம் ஐந்தாவது வீட்டை வாசித்தார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் அவரைப் பிடித்தேன்.

"நம்ம வீட்ட விட்டுட்டீங்களே."

"துக்க வீட்டுக்கு முன்னால டிரம் அடிச்சுக்கிட்டு வரச் சொல்லுதியா? நாளைக்கு ஊரு என்னையத்தான் கேக்கும். தம்பிக்காரன் கமிட்டில இருந்தும் இப்படிப் பண்ணிட்டானேன்னு."

"டிரம் இல்லாம வாங்க."

"டிரம் இல்லாம என்னட்டி கேரலு?"

"ஐயா இப்பதான இருட்டுல இருக்கவங்களத் தேடி வந்தாருன்னு பிரசங்கம் பண்ணினாவ?"

"அது பிரசங்கம்ட்டி" என்றார் சித்தப்பா.

சத்தியமாக அப்படித்தான் சொன்னார். கிண்டலாகச் சொல்லவில்லை, எனக்குப் புரியவில்லையே என்று வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அவரும் அண்ணனை இழந்தவர்தான். அடக்கத்தன்று என்னைவிட அதிகமாக அழுதவர். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

வழி முழுக்க மனசுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே நடந்தேன். முதல் கிறிஸ்துமஸ் எங்கே நடந்தது? பந்துக்கள் கூடி, பலகாரம் சுட்டு, சந்தோஷமாக இருந்த வீட்டிலா? ஊர்விட்டு ஊர் வந்து இடம் கிடைக்காமல் மாட்டுக் கொட்டிலில் நடந்தது. அந்தக் குழந்தையைக் கொல்ல ராஜா ஆள் அனுப்பியபோது அந்த ஊரில் எத்தனையோ தாய்மார் பிள்ளையைப் பறிகொடுத்தார்கள். கிறிஸ்துமஸ் ஆரம்பத்தில் இருந்தே சாவு வீட்டுக்குப் பக்கத்து வீடுதான். நாம்தான் நடுவில் காம்பவுண்டுச் சுவர் எழுப்பி, "உங்களுக்கு இந்த வருஷம் இல்லை" என்று எழுதி ஒட்டுகிறோம். இவ்வளவும் யோசித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேனே தவிர, பட்டியலில் எங்கள் வீடு இல்லை என்பதை அம்மாவிடம் சொல்லவில்லை. வருத்தப்படுவாளே என்று விட்டுவிட்டேன்.

கேரல் எங்கள் தெருவுக்கு வந்த அன்று நான் அரையாண்டுப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஏழு மணி இருக்கும். அம்மா முகம் கழுவி, வேறு சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். உள்ளறையில் கிடந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாக இழுத்து ஹாலில் போட்டாள். முழங்கால் வலியோடு.

"எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"சும்மாதான்."

எனக்குப் புரிந்துவிட்டது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சிவப்புப் பேனாவை இறுகப் பிடித்துக்கொண்டு ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் மேல் கோபத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

தெருமுனையில் டிரம் கேட்டது. முதல் வீடு, இரண்டாவது வீடு. மூன்றாவது வீட்டில் பாடியது எங்கள் ஹாலுக்குள்ளேயே கேட்டது. அம்மா எழுந்து கதவைத் திறந்து வைத்தாள். பாட்டு முடிந்து ஜெபமும் முடிந்தது. அதற்கப்புறம் சத்தமே இல்லை. ஈர மண்ணில் நிறையக் கால்கள் மெதுவாக நடந்து போகிற சத்தம் மட்டும் வந்தது. சித்தப்பா இருமினார். அவர்கள் எங்கள் கேட்டைக் கடக்கும் வரைக்கும் டிரம்மை நிறுத்தி, மரியாதையாக, பூனை மாதிரி நடந்து போனார்கள். அடக்கத்துக்குப் போகிறவர்கள்கூட அவ்வளவு மெதுவாக நடக்க மாட்டார்கள்.

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, ஏன் தாண்டிப் போறாவ?"

"நமக்கு இந்த வருஷம் இல்லைல்லாம்மா. சித்தப்பா லிஸ்டுல சேக்கல."

"உனக்குத் தெரியுமா?"

"நீ வருத்தப்படுவேன்னுதான் சொல்லல."

"எல்லாரும் என் மனசு என் மனசுங்காவ. என் மனசுல என்ன இருக்குன்னு எவராச்சும் எங்கிட்டக் கேட்டாவளா?" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, "நீயும் கேக்கல" என்றாள்.

உடனே செருப்புக்கூடப் போடாமல் வாசலில் இறங்கிவிட்டாள். கேட்டைத் திறந்து தெருவில் நின்று, "கொழுந்தனாரே, எங்க வீடு இங்கன இருக்கு" என்றாள். சத்தம் போட்டெல்லாம் கூப்பிடவில்லை. ஆனால் ஏழு வீட்டுக்கும் கேட்டது.

திரும்பி வந்தார்கள். சேற்றுச் செருப்புகளைக் கழற்றி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு ஹாலுக்குள் வந்து நின்றார்கள். அம்மா போட்டு வைத்த நாற்காலியில் ஒருவரும் உட்காரவில்லை. சித்தப்பா பாடகர் குழுத் தலைவர் காதில் ஏதோ சொன்னார். அவர் ஒரு ஆறுதல் பாட்டை மெதுவாக எடுத்தார். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இத அடக்கத்துல பாடியாச்சு. பிறப்புப் பாட்டு பாடுங்க. டிரம்மும் அடிங்க."

பாடினார்கள். டிரம் அடிக்கிறவன் விரல் நுனியால் தொட்டுத் தொட்டு அடித்தான். பாட்டின் இரண்டாவது அடி வந்தபோது அம்மாவின் உதடு கோணியது. பிறகு அழுதாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழவில்லை, அப்பா போன ஆகஸ்டில்கூட அழாத அளவுக்கு வாய்விட்டு அழுதாள். பாட்டு ஒவ்வொரு குரலாக நின்றது. டிரம்மும் நின்றது.

சித்தப்பா என் பக்கம் திரும்பி, "நான் அப்பமே சொன்னம்லா" என்றார். அந்த நிமிஷத்தில் எனக்கும் அப்படித்தான் பட்டது. மூன்று வாரமாக யாரோடு மல்லுக்கட்டினேனோ அவரோடு சேர்ந்துகொண்டு, "போதும், நிறுத்திக்கோங்க" என்று சொன்னேன்.

அம்மா நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தாள். முகத்தைத் துடைக்கவில்லை.

"ஏன் நிறுத்துதிய? அழுகை வந்தா அழுதுட்டுப் போறேன். அழுகுறவ வீட்டுக்கு வரலேன்னா ஆண்டவரு எதுக்குப் பிறந்தாரு?"

அதற்குப் பிறகு யாரும் அனுமதிக்காகச் சித்தப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. விட்ட அடியில் இருந்து மறுபடி எடுத்தார்கள். அம்மா கடைசி வரைக்கும் அழுதுகொண்டே கூடப் பாடினாள்.