வேதத்தில் சேரக் காத்திருந்த எங்கள் அக்கா

இந்த நினைவு மலரைப் படிக்கப்போகிறவர்களில் பாதிப்பேர் முதுகுளத்தூர்ப் பக்கத்து எங்கள் பங்காளிகள். மீதிப்பேர் அக்கா வாழ்க்கைப்பட்ட பாம்பன் ஊரார். இரண்டு தரப்பாரும் அக்காவைப் பாதி பாதியாகத்தான் அறிந்திருக்கிறீர்கள். முழுதாகச் சொல்ல வேண்டும் என்று தம்பியான நான் எழுதுகிறேன்.

மிளகாய்க் காடுகளுக்கு நடுவே உள்ள எங்கள் ஊரில் அய்யாவுக்கும் அம்மாவுக்கும் மூத்த பிள்ளையாகப் பிறந்தார் அக்கா. பள்ளிக்கூடம் விட்டு வந்து கை எரிய எரிய மிளகாய்ப் பழம் பறிப்பார். அந்தக் கையோடு என் முகத்தைக் கழுவிவிட்டு, நான் அலறியதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆசிரியர் பயிற்சி முடித்துப் பாம்பனில் ஒரு பாலர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். படகு இன்ஜின் பழுதுபார்க்கும் அத்தானை அங்கேதான் கண்டு, விரும்பி, மணந்தார். அத்தான் வீட்டார் கத்தோலிக்கர்கள். ஆயரின் அனுமதி பெற்று, அக்கா மதம் மாறாமலே ஆலயத்தில் திருமணம் நடந்தது. அய்யா வந்திருந்தார். சாப்பிடாமல் திரும்பினார்.

முதலில் அத்தானுக்குத் துணையாக ஆலயத்துக்குப் போன அக்கா, பிறகு தனக்காகவே போகத் தொடங்கினார். அத்தான் வேலையாக வெளியூர் போன ஞாயிறுகளிலும் தனியாகப் போய் உட்கார்ந்திருப்பார். அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன்.

"அங்கன போயி உக்காந்தா யாரோ என்னையப் பாத்துக்கிட்டு இருக்க மாதிரி இருக்குடா. வேற சொல்லத் தெரியல" என்றார்.

ஞானஸ்நானம் பெற்று அந்தச் சபையில் முறையாகச் சேர விரும்புவதை அவரே ஊருக்கு வந்து அய்யாவிடம் சொன்னார். அய்யா கோபப்படவில்லை.

"கோயிலுக்குப் போ, வேணாங்கல. நான் இருக்குற வரைக்கும் வேதத்துல மட்டும் சேந்துராத. எனக்கு வாய்க்கரிசி போட எம் மக வேணும்."

"சரிய்யா" என்றார் அக்கா. அந்த ஒரு சொல்லில் அவர் மாட்டிக்கொண்டார்.

ஞாயிறு பூசையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் எல்லோரும் நற்கருணை அப்பம் வாங்க எழும்போது, அக்கா மட்டும் முழங்காலை ஒதுக்கி அவர்களுக்கு வழிவிட்டு இருந்த இடத்திலேயே இருப்பார். அவர் மகள் முதல் நற்கருணை வாங்கித் திரும்பி வந்து, "நீங்க ஏம்மா வரல?" என்று கேட்டாள். "அம்மா அப்புறம் வாங்குவேன்" என்று சொன்னாராம். அந்த ஊர்ப் பெண்கள் சிலர், இவ்வளவு காலம் வந்தும் சேராமல் இருக்கிறாளே என்று காதுபடப் பேசினார்கள். எங்கள் பக்கத்திலோ, சேராமலே சேர்ந்துவிட்டவளாக எண்ணி, அவரைக் குலசாமி கோயில் களரித் திருவிழாவுக்குக்கூட அழைக்கவில்லை.

அய்யா காலமானபோது அக்கா வாய்க்கரிசி போட்டார். கருமாதி முடிந்த அன்று, உறவினர் எல்லோரும் இருக்கும்போதே அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்கய்யாவுக்குக் குடுத்த வாக்க எனக்கும் குடு. என்னையும் அனுப்பிட்டு எங்க வேணா சேந்துக்க."

"விடும்மா" என்றேன்.

"நீ சும்மா இருலே" என்றார் அம்மா.

அக்கா தலையசைத்தார்.

அதன்பின் அம்மாவுக்கு ஒரு காய்ச்சல் என்றாலும் அக்காதான் ஓடிவருவார். ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் அம்மாவைச் சேர்த்திருந்தபோது, டீ வாங்கி வந்த என்னிடம் மெல்லச் சொன்னார்: "அம்மா பொழைக்கணும்னுதான் வேண்டுறேன் தம்பி. வேண்டி முடிச்ச ஒடனே, அப்ப நீ இன்னும் காத்துக் கெடன்னு உள்ளுக்குள்ள ஒண்ணு சொல்லுது. நான் ஞானஸ்நானம் வாங்க நம்ம வீட்ல ஒரு உசுரு போகணுமா? இப்படி நெனைக்கிறவ எந்த மொகத்தோட அங்க போயி நிப்பேன்?"

பங்குத்தந்தை, அந்த வாக்கு உங்களைக் கட்டாது என்று பலமுறை எடுத்துச் சொன்னார். "தெரியும் ஃபாதர். அம்மாவ அழவிட்டுட்டு வந்து இங்கன முட்டி போட ஏலாது" என்றாராம்.

அம்மா குணமாகி வீடு திரும்பினார். நோய் அக்காவுக்கு வந்தது. மதுரையில் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை என்றானதும், ஆபத்து நேரம், ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம் என்றார்கள் பாம்பன் பெண்கள். அக்கா மறுத்துவிட்டார். "அம்மாவுக்குத் தெரியாம திருடுன மாதிரி ஆயிரும்."

இதை அம்மாவிடம் சொன்னவள் அக்காவின் மகள். "நீங்க சரின்னாத்தான் ஞானஸ்நானம் எடுப்பாங்களாம் அம்மாச்சி." அக்காவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த அம்மா, கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"எந்திரிச்சு வந்ததும் போயி சேந்துக்க."

"மனசோட சொல்றியாம்மா?"

"மனசெல்லாம் இன்னும் வரல. வாய் சொல்லுது, அத எடுத்துக்க. எனக்கு அரிசி போட நீ உசுரோட இருந்தாப் போதும்."

அக்கா எழுந்து வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முடி கொட்டிய தலையில் அவர் ஞானஸ்நானத் தண்ணீரை வாங்கினார். அன்றே முதன்முதலாக வரிசையில் நின்று நற்கருணையும் வாங்கினார். அம்மா ஆட்டோவில் கூட வந்தார், உள்ளே வரவில்லை. வெளியே வந்த அக்காவை இழுத்து நிறுத்தி, முந்தானையால் தலையைத் துவட்டினார். "ஈரத்தோட நிக்காத" என்றார். அக்கா குனிந்து கொடுத்து நின்றார்.

அதற்குப் பின் நோய் அவருக்குச் சில மாதங்களே தந்தது. அந்தச் சில மாதங்களில் ஒரு ஞாயிறையும் அவர் தவறவிடவில்லை. நடக்க முடியாதபோது அத்தான் நாற்காலியோடு தூக்கிப் போனார். பாம்பன் கல்லறைத் தோட்டத்தில் அக்காவை அடக்கம் செய்தோம். தனக்கு அரிசி போட வேண்டியவளுக்கு அம்மா ஒரு பிடி மண் போட்டார்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட மதுரை மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வீடு தேடிக் கஞ்சி கொண்டுவந்த பாம்பன் பெண்களுக்கும், வேன் பிடித்து அடக்கத்துக்கு வந்து சேர்ந்த எங்கள் ஊராருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

முதலாண்டு நினைவுப் பூசைக்கு அம்மாவும் வருகிறார். உள்ளே வந்து உட்காருவாரா, வாசலிலேயே நிற்பாரா என்று நாங்கள் கேட்கவில்லை. அவரை எந்த இடத்தில் பார்த்தாலும், அங்கேயே நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.